மந்தையும் வாய்தாவும்

கம்பத்திலும் போடியிலும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே இடுக்கி ஏலக்காடுகளுக்குப் போகிறவர்களில் பெண்களே அதிகம். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதுவரை பிள்ளைகளை முன்பு அப்பத்தா பார்த்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குத் தப்பியது தெருவின் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் தெரு பார்த்ததையெல்லாம் வெளியே சொன்னதில்லை.

ஒரு சிறுமிக்குத் தீங்கு நேர்ந்தால் அன்று ஊர் மந்தையில் கூடும். செய்தவனுக்கு அபராதம் போடுவார்கள். இல்லையென்றால் அவனுக்கே அவளைக் கட்டிவைப்பார்கள். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. இரவில் கூடி இரவிலேயே முடிந்துவிடும், மறுநாள் கூலி கெடாது. அந்த ஏற்பாட்டில் நல்லது என்று சொல்ல இருந்தது அவ்வளவுதான். மந்தையை விட்டால் அதிகாரிகளிடம்தான் போக வேண்டும். 1996 வரை இந்தத் தேனிப் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. கம்பத்தை அடுத்த கூடலூர்க்காரர் ஆட்சியரைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டும். ஏறியவர்கள் சிலரே.

சட்டம் அன்றும் இருந்தது. பெண்ணின் திருமண வயதை 1929இல் 14 என்று வைத்து, 1978இல் 18 ஆக்கினார்கள். வயதுக்குத்தான் சான்று இல்லை. பள்ளியில் சேர்க்கும் நாளில் வாத்தியார் உத்தேசமாக ஒரு தேதி எழுதுவார். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் நம் ஊர்களில் இத்தனை பேர் இருப்பது அதனால்தான். இன்று பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் முன்னால் வந்து நிற்கின்றன. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணத்தை நடத்திவைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கிறார்கள். அழைத்தது அடுத்த வீட்டாராகவும் இருக்கலாம், மணப்பெண்ணின் வகுப்புத் தோழியாகவும் இருக்கலாம்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக 2012இல் வந்த போக்சோ சட்டம், மந்தை கேட்காததைக் கேட்டது. சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எழுத வேண்டும். எழுதும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் அவளை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். பதினேழு வயதில் விரும்பி ஓடிப்போன பெண்ணின் கதையும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. அவள் கர்ப்பமாக ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களும் உண்டு.

வக்கீலுக்கும் இன்று காசு வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் கேட்டாலே வழி சொல்வார்கள். ஆனாலும் காசு வாங்காத வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா என்ற சந்தேகம் பலருக்குப் போகவில்லை. கடனை வாங்கியாவது ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள்.

வழக்கு எடுத்துக்கொண்ட ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது போக்சோ சட்டம், கூடுமானவரை என்ற சொல்லையும் சேர்த்து. அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ வாய்தாக்கள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாய் மகளோடு கம்பத்திலிருந்து பஸ் ஏறித் தேனியைத் தாண்டி லட்சுமிபுரம் நீதிமன்றத்துக்குப் போகிறாள். அன்று விடியும் முன்பு ஜீப் வழக்கம்போலக் கிளம்பும். அவள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து போவாள்.