கிரகணம் கற்பிக்கும் தர்க்கம்

மன்திக் எனும் தர்க்கவியலை மனனம் செய்யும் மாணவர்க்கு, அதைப் பயன்படுத்திப் பார்க்க ஏற்ற களம் பண்டை வானியல்.

நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மறைவே காரணமென மக்கள் கருதினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என அண்ணலார் தெளிவுறுத்தினார்கள். உடன் நிகழ்வது காரணமாகாது, இது முதற்பாடம்.

இரண்டாவது, கடலூரை அடுத்த புதுச்சேரியில் கிடைக்கிறது. 1768இல் அங்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜென்டீல், தமிழர் ஒருவர் சோழிகளைக் கொண்டும் மனனமான வாக்கியங்களைக் கொண்டும் கிரகணம் கணிப்பதைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அக்கணிப்பு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் மாயர் அட்டவணையோ 68 விநாடி கூடியது. ஆயின், கணக்குப் பலித்ததால் அதன் அடிப்படையான புவிமையக் கொள்கை மெய்யாகிவிடுமா?

தாலமியின் சந்திரக் கணிதமும் நிலவின் இருப்பிடத்தைப் பெரிதும் சரியாகவே காட்டிற்று. ஆனால் அதன்படி நிலவு சில வேளைகளில் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். கண் அவ்வாறு காணவில்லை. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த இப்னு ஷாதிர் அக்குறையை நீக்கினார். அவருடைய அமைப்பும் புவிமையமே.

கூற்று யாது? சான்று யாது? அச்சான்று எதுவரை செல்லும்? இம்மூன்றையும் கேட்கப் பழகிய மாணவரிடமே மன்திக் உயிர் பெறுகிறது.