பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கோல்ஃப் மட்டை

மும்பையின் செம்பூரில் பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப் தொடங்கியது 1927-ல். அந்த மதிலை ஒட்டிக் காலங்காலமாக நடந்துபோகும் நம்மவர்களில் சிலர் இப்போது பிள்ளைகளையும் ஆட விட நினைக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "வீட்டில் பழைய மட்டை ஒன்று கிடக்கிறது, அதை அறுத்துக் கொடுத்தால் போதாதா?"

போதாது. பெரியவர்களின் ஏழாம் எண் இரும்பு மட்டை சுமார் 37 அங்குல நீளம். எடை 400 கிராமுக்கு மேல். அதை 25 அங்குலமாக அறுத்தால் நீளம் மட்டும்தான் குறையும், தலையின் கனம் அப்படியே நிற்கும். தண்டு குட்டையாகும்போது வளையும் தன்மையை இழந்து விறைத்துப்போகும். பிடியோ பிஞ்சு விரல்களுக்குள் அடங்காத தடிமன். பிள்ளையின் கை தரைக்கு அருகில் இருப்பதால் மட்டையின் நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வலக்கைப் பிள்ளை அடிக்கும் பந்து இடப்பக்கம் ஓடும். இத்தனையையும் சமாளிக்கப் பிள்ளை உடம்பை முறுக்கி, தோளால் இழுத்து அடிக்கப் பழகும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவதற்குள் பயிற்சியாளருக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

"கிரிக்கெட் மட்டை இதைவிடக் கனமாயிற்றே, அதைத் தூக்குகிறானே" என்று மாட்டுங்கா அப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிரிக்கெட் மட்டையின் கனம் கைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. கோல்ஃபில் அது தண்டின் கடைக்கோடியில் இருக்கிறது. சுழற்றும்போது அந்தக் கோடிக் கனம்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது.

ஆகவே பிள்ளைகளுக்கென்றே செய்த மட்டைதான் வேண்டும்: இலேசான தலை, கிராஃபைட் தண்டு, மெல்லிய பிடி. பெட்டியில் '5 முதல் 7 வயது' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைகள் இருவருக்குள் அரையடி உயர வித்தியாசம் இருக்கலாம். யுஎஸ் கிட்ஸ் கோல்ஃப் நிறுவனம் பிள்ளையின் உயரத்தை வைத்தே, 3 அங்குலத்துக்கு ஓர் அளவாக மட்டைகளைச் செய்கிறது. ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் பொதுவாக ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். 3 அங்குலம் என்பது ஏழரை சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு செட் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாங்காது. அதற்குள் சின்னதாகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சீருடையை வளர்த்திக்குப் பெரிதாக எடுப்பதுபோல் இதில் செய்யக் கூடாது. ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் பிடியைக் கீழிறக்கிப் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கடையில் ஒரு சின்ன சோதனை உண்டு. பிள்ளை ஒரே கையால் மட்டையை முன்னால் நீட்டிப் பிடித்துச் சில நொடி அசையாமல் நிற்கட்டும். கை நடுங்கினாலோ மட்டை தாழ்ந்தாலோ அது கனம். இடக்கை, வலக்கை விஷயத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளை இடப்பக்கம் நின்று ஆடுவது அதிசயமில்லை. கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்து மட்டையை முதலில் கொடுத்துப் பாருங்கள்.

எத்தனை மட்டை? விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 வரை வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கு இரண்டே போதும்: உருட்டி அடிக்கப் பட்டர் ஒன்று, ஏழாம் எண் இரும்பு ஒன்று. ஆர்வம் நிலைத்தால் பந்தைத் தூக்கியடிக்க வெட்ஜ் ஒன்று, தூர அடிக்கு ஹைப்ரிட் ஒன்று. நெடுந்தூர அடிக்கான டிரைவர் கடைசியில். அதிலும் முகப்பு நன்றாகச் சாய்ந்ததாகப் பாருங்கள். சாய்வு குறைந்தால் பிள்ளையின் மெதுவான வீச்சுக்குப் பந்து தரையைவிட்டு எழும்பாது.

மூன்று, நான்கு வயதானால் இதுகூட வேண்டாம். பிளாஸ்டிக் மட்டையும் பஞ்சுப் பந்தும் கொடுங்கள். செம்பூரின் குடிசைப் பகுதிகளில், கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் கேடி வேலை பார்க்கும் இளைஞர்கள் இரும்புக் கம்பியை வளைத்து மட்டையாக்கிக் குறுகலான சந்துகளில் ஆடியதை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் படமெடுத்துப் போனார்கள். எல்லோரும் கம்பியைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு அவர்களுடைய பந்துதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது: பிளாஸ்டிக் பந்து. அது ஜன்னலை உடைக்காது, யார் மண்டையையும் பிளக்காது, நாலடி அகலத்தில் குறிபார்த்து அடிக்கவும் பழக்குகிறது. அசல் பந்து கிட்டத்தட்ட 46 கிராம், கல்போலக் கெட்டி; அதைக் கட்டடக் காம்பவுண்டில் எடுக்கவே கூடாது. எந்தப் பந்தானாலும் மட்டை சுழலும் வட்டத்துக்குள் தம்பி தங்கைகள் வராமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

மைதானம் வேண்டுமென்றால் கிளப் உறுப்பினர் ஆகத்தான் வேண்டும் என்பதில்லை. நவி மும்பையில் சிட்கோ அமைத்த கார்கர் வேலி மைதானத்தில் கட்டணம் கட்டி ஆடலாம். மட்டையை இணையத்தில் தருவிக்காமல் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் வாங்குங்கள். கிளம்புமுன் சுவரோரம் நிற்கவைத்து, செருப்பில்லாமல், உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.