இரவுக்கு ஓர் அத்தியாயம்

குழந்தை இரண்டாம் வகுப்பை முடிக்கும்போது பல வீடுகளில் கதை வாசித்துக் காட்டுவதும் முடிந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது, இனி அவளே படித்துக்கொள்வாள் என்று பெற்றோர் விலகிக்கொள்கிறார்கள். ஆனால் வாசித்துக் காட்டுவது உண்மையாகவே பலன் தரும் காலம் அப்போதுதான் பிறக்கிறது. அதற்கு ஏற்றவை ஐந்து நிமிடத்தில் முடியும் நீதிக் கதைகளைவிட, அத்தியாயம் அத்தியாயமாக வாரக்கணக்கில் நீளும் சிறார் நாவல்கள்தான். குடும்பமாக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று ஒரு முழு நாவலைக் கடப்பது ஏழு வயது முதல் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை தொடர வேண்டிய பழக்கம். தமிழ்க் குழந்தைகளுக்கு இது மற்ற மொழிக் குழந்தைகளைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதற்கான காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது.

ஏழு வயதுக் குழந்தை படிக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தால் போதும். விரல் வரியின் கீழே ஊர்கிறது. கண் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்குகிறது. நீண்ட வாக்கியமாக இருந்தால் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. அதே வாக்கியத்தை யாராவது வாசித்துக் காட்டினால் அவள் உடனே புரிந்துகொள்கிறாள், சிரிக்கிறாள், மறுகேள்வி கேட்கிறாள். காதால் எட்டும் உயரம் கண்ணால் எட்டும் உயரத்தைவிட அதிகம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதற்கு ஏறக்குறைய எட்டாம் வகுப்பு ஆகிவிடும் என்பது வாசிப்பு ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. 1986இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஓர் எளிய பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளல். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். பள்ளிக்கூடம் முதல் திறனோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டாவது, பாடவேளைக்குள் அடங்காதது. நல்ல மொழியை நிறையக் கேட்டுக் கேட்டுத்தான் அது வளரும்.

நாம் வீட்டில் நாள் முழுக்கப் பேசுகிறோமே, குழந்தை கேட்கும் தமிழ் போதாதா என்று கேட்கலாம். போதாது. வீட்டில் ‘போயிட்டிருந்தா’ என்கிறோம். புத்தகத்தில் ‘போய்க்கொண்டிருந்தாள்’ என்று இருக்கிறது. ‘அவங்க வரலைன்னா’ என்பது அச்சில் ‘அவர்கள் வராவிட்டால்’ ஆகிறது. வினைமுற்று மாறுகிறது, வேற்றுமை உருபு மாறுகிறது, வாக்கியம் நீளும் விதமும் மாறுகிறது. பேசும் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தை பாடநூலைத் திறக்கும்போது, எழுத்தையும் பழக்கமில்லாத இந்த மொழி வடிவத்தையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறாள். அரபி பேசுவோருக்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே வீட்டு மொழிக்கும் நூல் மொழிக்கும் உள்ள தூரம் நம்முடையதைவிடவும் அதிகம். டீனா ஃபைட்டல்சன் என்ற இஸ்ரேலியக் கல்வியாளரும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள் அன்றாடம் இலக்கிய அரபியில் கதைகளை வாசித்துக் காட்டினார்கள். குழந்தைகளுக்குப் புரியாது, கஷ்டப்படுத்துகிறீர்கள் என்பதே அதுவரை இருந்த பொதுக் கருத்து. கதை கேட்ட குழந்தைகள், கேட்காதவர்களைவிடக் கேட்டதைப் புரிந்துகொள்வதிலும், படம் பார்த்துத் தாமே கதை சொல்வதிலும் முன்னே இருந்தார்கள். தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை. மொழிநடை ஒருபுறம் இருக்க, சொல்வளத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் ஹேய்ஸ், ஆரன்ஸ் இருவரும் 1988இல் எடுத்த கணக்கில், சிறுவர் நூல்களில் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 31 அரிய சொற்கள் இருந்தன. கல்லூரி படித்த பெரியவர்களின் பேச்சில் சுமார் 17தான். படித்த பெற்றோரின் பேச்சுகூடச் சிறுவர் நூலுக்கு ஈடாகவில்லை.

இதெல்லாம் வசதியுள்ள வீட்டுக் கதை, அங்கே பிள்ளைகள் எப்படியும் நன்றாகப் படிப்பார்கள், புத்தகத்துக்குப் பெருமை கொடுக்காதீர்கள் என்ற மறுப்பு நியாயமானது. 2009இல் பீசா (PISA) என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் தேர்வையொட்டி 14 நாடுகளில் பெற்றோரிடமும் கேள்விகள் கேட்டார்கள். பிள்ளை முதல் வகுப்பில் இருந்தபோது வாரம் ஒரு முறையாவது கூட உட்கார்ந்து புத்தகம் படித்த பெற்றோரின் பிள்ளைகள், பதினைந்து வயதில் மற்றவர்களைவிடச் சராசரியாக 25 புள்ளி அதிகம் பெற்றிருந்தார்கள். குடும்பத்தின் வசதியைக் கணக்கில் எடுத்துக் கழித்தபோது இந்த வேறுபாடு 14ஆகக் குறைந்தது. அதாவது, பலனில் கணிசமான பகுதி பணத்தாலும் படிப்பாலும் வந்ததுதான், மறுக்க முடியாது. ஆனால் மீதியும் சிறியதல்ல. இப்படிப்பட்ட கணக்கெடுப்பு எது காரணம், எது விளைவு என்று அறுதியிட்டுச் சொல்லாது. ஃபைட்டல்சன் குழுவைப் போல வாசித்துக் காட்டியே சோதித்தவர்களின் முடிவும் அதே திசையில் இருப்பதால்தான் இதை நம்ப முடிகிறது.

சரி, சிறுகதைகள் இருக்க நாவல் எதற்கு? தொடர்ச்சி தரும் பலன் துண்டுக் கதைகளில் கிடைப்பதில்லை. நேற்று விட்ட இடத்தை இன்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் வந்த ஒரு மனிதரைப் பதினோராம் அத்தியாயத்தில் அடையாளம் காண வேண்டும். இடையிலுள்ள பகல் முழுவதும் அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வியோடு இருக்க வேண்டும். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பவர் நாள்கணக்கில் கதையை நீட்டிக்கொண்டு போவதும், கல்கியின் தொடருக்காக வாரா வாரம் வீடுகள் காத்திருந்ததும் இந்த ஈர்ப்பினால்தான். சிறார் நாவல்கள் பலவும் இப்படித் தவணை முறையில் பிறந்தவையே. கார்லோ கொல்லோடி 1881இல் இத்தாலியச் சிறுவர் வார இதழில் பினோக்கியோவைத் தொடராக எழுதினார். பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பொம்மையைத் தூக்கிலிட்டுக் கதையை முடித்தும்விட்டார். வாசகக் குழந்தைகள் விடவில்லை. தொடர் மறுபடி தொடங்கி 36 அத்தியாயம் வரை போனது. அதே 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமரில் மழைக்குள் அடைந்துகிடந்த ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ நாவலை நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதிக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டினார். கேட்டவர்களில் பதின்மூன்று வயது வளர்ப்பு மகனும் இருந்தான், ஸ்டீவன்சனின் வயதான அப்பாவும் இருந்தார். கடற்கொள்ளையனின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அந்தப் பெரியவர்தான். மூன்று தலைமுறை ஒரே கதைக்குள் இருந்து உருவான நூல் அது.

தமிழில் எதிலிருந்து தொடங்குவது என்றால் தயங்காமல் சொல்லலாம்: டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. 1981இல் ஜப்பானில் வந்த இந்நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் மிகச் சிறியவை. பல, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட தோமோயி பள்ளியில் சேர்கிறாள். ஓர் அத்தியாயத்தில் அவளுடைய ஆசையான பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அகப்பை ஒன்றைத் தேடி எடுத்துவந்து குழியைத் தோண்டி வெளியே கொட்டத் தொடங்குகிறாள். குவியல் உயர்ந்துகொண்டே போகிறது. அந்த வழியாக வரும் தலைமை ஆசிரியர் கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். வாசிப்பவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சார் இப்ப என்ன சொல்லப்போறார்னு நெனைக்கிற என்று குழந்தையிடம் கேட்டுப் பார்க்கலாம். திட்டுவார், அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார், அடிப்பார் என்று பதில்கள் வரும். அவற்றைக் கேட்டாலே அந்தக் குழந்தைக்குப் பெரியவர்களைப் பற்றி என்ன எண்ணம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கோபயாஷி திட்டுவதில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். பை கிடைப்பதில்லை, அவள் சொன்னபடி எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போடுகிறாள். தனியாகப் படிக்கும் குழந்தை சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம். அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால், அந்தத் தலைமை ஆசிரியர் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அடுத்து வாசிக்கத் தமிழிலேயே எழுதப்பட்டவை இருக்கின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மையைத் துணையாக வைத்து, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசும் நாவல் இது. இதைக் குழந்தையிடம் கொடுத்துத் தனியாகப் படிக்க விடக் கூடாது என்றே சொல்வேன்; கூடவே வாசிப்பதற்கென்றே அமைந்த புத்தகம் இது. நேருக்கு நேர் பேசத் தயங்கும் விஷயத்தைக் கதையைச் சாக்காக வைத்துப் பேசிவிட முடிகிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023இல் அதே விருது) கீழடியைக் கதைக்களமாக்குகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இல் இதே விருதைப் பெற்றது. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இமயமலையில் யேதி என்னும் பனிமனிதனைத் தேடிப் போகும் சாகசக் கதை. பரிணாமமும் பௌத்தமும் அதில் கலந்து வருவதால் பத்து வயதுக்கு மேல் நன்றாகப் பிடிபடும். பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ மெலிந்த நூல், ஆனால் ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு நாளைக்கு ஒரு கிரகம் என்று போக வேண்டும். குறும்பு வேண்டுமென்றால் ரஷ்ய எழுத்தாளர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மகளுக்குத் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லப்போய் உருவானது அது. அதை முடித்த வீட்டில் அப்பாக்கள் தப்பிக்க முடியாது. அவர்களுடைய கதையையும் பிள்ளைகள் கேட்பார்கள்.

சோகமான கதைகளைக் குழந்தைகளுக்கு வாசிக்கலாமா என்பது பெற்றோரின் உண்மையான கவலை. டோட்டோ-சானின் நண்பன் யாசுவாகி இறந்துபோகிறான். கடைசியில் அந்தப் பள்ளியே போர்க்கால குண்டுவீச்சில் எரிகிறது. ஆனால் மரணமும் இழப்பும் குழந்தையின் வாழ்க்கையில் வரத்தான் போகின்றன. பெரியவர் ஒருவர் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும்போது அவை முதலில் கதையாக வருவது நல்லது. வாசிப்பவரின் குரல் கம்முவதைக் குழந்தை பார்த்தால் அதிலும் தவறில்லை. பழைய நூல்களில் நிறத்தையும் உடலையும் சாதியையும் கேலி செய்யும் இடங்கள் வருகின்றன, அவற்றை ஒதுக்க வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. வெறுப்பையே ஊட்டும் நூலை ஒதுக்கலாம். மற்றவற்றில் அந்த இடத்தில் நிறுத்தி, இது சரியா என்று கேட்பது நல்லது. குழந்தை தனியாகப் படித்திருந்தால் அந்தக் கேலி கேள்வியே இல்லாமல் உள்ளே போயிருக்கும்.

யூடியூபிலும் ஒலிநூலிலும் நல்ல குரலில் கதைகள் கிடைக்கின்றனவே என்பார்கள். பயணத்தில் கேட்க அவை மிகவும் நல்லவை. ஆனால் ஒலிப்பதிவு குழந்தையின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்காது. அகப்பைன்னா என்ன என்று கேட்டால் நின்று பதில் சொல்லாது. நேரம் இல்லை என்பதற்குப் பதில், ஓர் அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். வாரத்தில் நான்கு நாள் நடந்தாலும் நாவல் முடிந்துவிடும். எனக்கே தமிழ் தடுமாறும், ஆங்கில வழியில் படித்தவன் என்று தயங்கும் பெற்றோர் இப்போது அதிகம். தடுமாறி வாசிப்பதைக் கேட்பதில் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை. பெரியவர்களும் முயன்றுதான் படிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது குழந்தைக்குத் தைரியம் தரும். படிக்கத் தெரியாத பாட்டி இருக்கும் வீட்டில் அக்கா வாசிக்க, தம்பியும் பாட்டியும் கேட்கலாம். அங்கே பாட்டி சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். நடுவே கதையைத் திருத்துவார், அதையும் அனுமதிக்க வேண்டும். குழந்தை படம் வரைந்துகொண்டோ தரையில் உருண்டுகொண்டோ கேட்டால் அதட்டத் தேவையில்லை. அத்தியாயம் முடிந்ததும் கேள்வித்தாள் போல விசாரிப்பதையும், கதையின் நீதி என்ன என்று கேட்பதையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் சாயல் விழுந்த அன்றே இந்தப் பழக்கம் செத்துவிடும். மூன்று அத்தியாயம் போயும் ஒட்டாத புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம்.

புத்தகம் வாங்கப் பணம் வேண்டுமே என்றால், தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, வேண்டிய சிறார் நாவலை எழுதிக் கொடுத்துக் கேட்பது நம் உரிமை. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உலகப் புகழ்பெற்ற நாவல்களின் சுருக்கப் பதிப்புகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு உரையாடலையும் வர்ணனையையும் வெட்டிய நூலில், காது கேட்க வேண்டிய மொழியே இருக்காது. முழு மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் வேறு நாவலுக்குப் போவதே மேல்.

எந்த வயதில் நிறுத்துவது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். பன்னிரண்டு வயதில் அவன் தனக்குப் பிடித்ததைத் தனியே படித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் இரவில் கூட உட்காருவான் என்றால், ‘பொன்னியின் செல்வ’னுக்கு அது சரியான வயது. ஐந்து பாகங்களில் முந்நூறுக்கு நெருங்கிய அத்தியாயங்கள். வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொன்றும் ஓர் உட்காரலுக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். தினமும் வாசித்தாலே ஏறக்குறைய பத்து மாதம் ஓடிவிடும். வாசிக்கும் முறையை அப்போது மாற்றிக்கொள்ளலாம்: ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அவன், கதையில் வரும் ஆழ்வார்க்கடியான் பேசும் பகுதி வந்தால் மட்டும் யாருக்கு அது நன்றாக வருகிறதோ அவர்.