டெலஸ்கோப்புக்குக் கூரை, கூரைக்குக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்போம், கேம்ஸ் விளையாடுவோம். பிறகு பிரிண்டரை இணைத்து ஒரு கடிதம் அடித்துப் பார்ப்போம். அந்தப் பிரிண்டரை இணைப்பது போலவே ஒரு டெலஸ்கோப்பையும், அதன் மேலே மூடியிருக்கும் இரும்புக் கூரையையும் கம்ப்யூட்டரில் இணைத்து இயக்கலாம் என்றால் நம்புவீர்களா? நான் இதைக் கற்றுக்கொண்டது என் ஆபீசில் அல்ல, ஒரு வெல்டிங் பட்டறையில்.

என் மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர் டேங்க், இரும்பு ஏணி, கம்பெனிகளுக்குப் புகைக்குழாய் என்று செய்து தருவார். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புதுவிதமான ஆர்டர் வந்தது. மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைக்கிறார்கள், அதற்கு 3 மீட்டர் விட்டத்தில் வட்டக் கூரை வேண்டும். அதைத்தான் டோம் என்கிறார்கள். "மாப்ள, இரும்பு வேலைய நான் பாத்துக்கறேன். ஆனா இது தானா சுத்தணுமாம். அது உன் டிபார்ட்மென்ட்" என்றார் மாமா. எனக்கும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி மாமா" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு நிஜ டோமைப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை இருவரும் காவலூருக்குக் கிளம்பினோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் போக வேண்டும். இங்கே 1968ல் வெறும் 38 செ.மீ. டெலஸ்கோப்புடன் வேலையைத் தொடங்கியவர் வானியலாளர் வைனு பாப்பு. 1972ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி செய்த 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்டபோது, அதற்கான தடயம் இந்த டெலஸ்கோப்பிலும் பதிவானது.

ஆனால் பாப்புவின் ஆசை வேறு. பெரிய டெலஸ்கோப்பை நாமே செய்ய வேண்டும் என்பது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக்கான வட்டு மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில். இரும்பு வேலையைச் செய்தது மகாராஷ்டிராவின் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ். இயக்கும் அமைப்புக்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் கை கொடுத்தது. அதாவது கப்பலுக்கும் சர்க்கரை ஆலைக்கும் இயந்திரம் செய்யும் ஆட்களும், அணு உலைக்காரர்களும் சேர்ந்து நட்சத்திரம் பார்க்கும் கருவி செய்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 6ஆம் தேதி அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதை அர்ப்பணித்து பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982லேயே காலமாகிவிட்டார்.

மாமா டெலஸ்கோப்பைப் பார்த்ததைவிட அது உட்கார்ந்திருக்கும் சட்டத்தைத்தான் அதிகம் பார்த்தார். "ஏன் இந்த அச்சு படுத்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி நகர்வது போலத் தெரியும். டெலஸ்கோப்பின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிட்டால் ஒரே மோட்டாரால் நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். அப்படி வைக்க, அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்க்க வேண்டும். லண்டனில் 51 டிகிரிக்கு மேல். காவலூரில் பன்னிரண்டரை, கும்மிடிப்பூண்டியில் 13 சொச்சம். அதனால்தான் நம் ஊரில் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு டெலஸ்கோப் வாங்குபவர்கள் அதன் ஸ்டாண்டு இந்த அளவுக்குச் சாயுமா என்று கேட்டு வாங்குங்கள். சில ஸ்டாண்டுகள் சாயாது.

இனி டோமுக்கு வருவோம். டோமில் ஒரே ஒரு நீளமான திறப்புதான் இருக்கும். டெலஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கே அந்தத் திறப்பும் வந்து நிற்க வேண்டும். டெலஸ்கோப் கிழக்கே பார்த்தால் டோமையும் கிழக்கே திருப்பினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். குழாய் சரியாக டோமின் நடுவில் இருந்தால் அது சரி. ஆனால் பள்ளியில் வாங்கிய ஸ்டாண்டில் குழாய் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி நின்றது. கணக்குப் போட்டால், தரைக்குப் பக்கத்தில் பார்க்கும்போது டோமை சுமார் 15 டிகிரி தள்ளித் திருப்ப வேண்டும். 60 டிகிரி உயரத்தில் பார்த்தால் 29 டிகிரி. 80 டிகிரி உயரத்தில் 58 டிகிரி! பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டே இதைச் சரிபார்த்தேன்.

இதற்கிடையில் மாமாவுக்கு அவர் பங்குத் தலைவலி. டோம் சுற்றும் இரும்பு வளையத்தை வெல்டு செய்தால் சூட்டில் அது லேசாகக் கோணிக்கொள்ளும். டேங்குக்கு அது பரவாயில்லை. டோமுக்கு, சக்கரம் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் வழுக்கும். மூன்று முறை வெட்டி ஒட்டினார். நான் கார் வைப்பர் மோட்டாரையும், சுற்றை எண்ணும் சென்சாரையும் மாட்டி, லேப்டாப்பில் புரோகிராம் எழுதினேன்.

பட்டறையில் சோதனை நாள். வடக்கு என்பது 0 டிகிரி, ஒரு சுற்று 360. டோம் 350ல் நின்றது. 10க்குப் போகச் சொன்னேன். வடக்கைத் தாண்டி 20 டிகிரி நகர்ந்தால் போதும். ஆனால் என் புரோகிராம் பத்திலிருந்து முந்நூற்றைம்பதைக் கழித்து, மைனஸ் 340 என்று எடுத்துக்கொண்டது. டோம் எதிர்ப்பக்கமாக உலகத்தையே சுற்றி வந்தது. திறப்பின் மோட்டாருக்குப் போன ஒயர் உடன் சுற்றி, இறுகி, பிளக்கோடு பிய்ந்து வந்துவிட்டது. மாமா திட்டவில்லை. "நான் மூணு தடவ வெட்டினேன், நீ ஒரு தடவதானே" என்றார். திருத்தம் இரண்டே வரி. விடை 180க்கு மேல் போனால் 360ஐக் கழி, மைனஸ் 180க்குக் கீழே போனால் 360ஐக் கூட்டு. அவ்வளவுதான். கல்லூரியில் இதைப் படித்தேன். படித்தது கைக்கு வர ஒரு ஒயர் அறுபட வேண்டியிருந்தது.

உங்களிடம் டெலஸ்கோப் இல்லையா? கவலை வேண்டாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து, உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். இன்றிரவு உங்கள் மொட்டை மாடிக்கு மேலே என்ன தெரியும் என்று அப்படியே காட்டும். அடுத்து ஆஸ்காம். 1998ல் தொடங்கிய இது, விண்டோஸில் பிரிண்டர் டிரைவர் செய்யும் வேலையை டெலஸ்கோப்புக்கும் டோமுக்கும் செய்கிறது. எந்தக் கம்பெனி டோமாக இருந்தாலும், அதற்கு ஆஸ்காம் டிரைவர் இருந்தால் கட்டளை ஒன்றுதான். இதுவும் இலவசம். நிஜக் கருவி இல்லாமலே பழகிப் பார்க்க டெலஸ்கோப் சிமுலேட்டர், டோம் சிமுலேட்டர் இரண்டும் அதனுடனேயே வருகின்றன. இன்ஸ்டால் செய்ததும் டோமை 350 டிகிரியில் நிறுத்தி, 10க்குப் போகச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கவனியுங்கள்.