கேட்கும் செவி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பிளவக்கல்லில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள் உள்ளன. மழைக்காலத்தில் மலையினின்று இழிந்துவரும் வெள்ளத்தை அவை தேக்கி, மதகின் வழியே அளவாக விடுத்து வயல்களை வாழ்விக்கின்றன. கரை மட்டும் இருந்து மதகு இல்லையாயின், பெருகிய நீர் கரையையே உடைத்துவிடும். இளையோர் உள்ளத்து உணர்ச்சியும் இத்தகையதே. பெற்றோரின் கண்டிப்பு கரையாகும்; மக்கள் சொல்வதைக் கேட்கும் செவியே மதகாகும்.

ஆங்கிலப் பெருங்கவிஞர் ஷேக்ஸ்பியர் 1595-ஆம் ஆண்டளவில் இயற்றிய 'ரோமியோவும் ஜூலியட்டும்' என்னும் துன்பியல் நாடகம் இவ்வுண்மையை விளக்குகிறது. இத்தாலி நாட்டு வெரோனா நகரில் மாண்டேகு, காபுலெட் என்னும் இரு குடும்பத்தார் பழம்பகை கொண்டிருந்தனர். முன்னவரின் மகன் ரோமியோ. பின்னவரின் மகள் ஜூலியட். அவளுக்குப் பதினான்கு வயதும் நிரம்பவில்லை.

ரோமியோவின் பெற்றோர் அன்பற்றவர் அல்லர். மகன் வாடித் திரிவதைக் கண்டு வருந்துகின்றனர். ஆயினும் காரணத்தை அறிந்துவர உறவினன் ஒருவனையே நாடுகின்றனர். ரோமியோ தன் நெஞ்சைத் திறப்பதோ லாரன்ஸ் என்னும் துறவியிடம். ஜூலியட்டும் தாயிடம் சொல்லாததைத் தன்னை வளர்த்த செவிலியிடம் சொல்லுகிறாள். பெற்றோர் அறியாமல் பிறந்த காதல், அவர்கள் அறியாமலே திருமணத்தில் முடிகிறது.

காபுலெட் முதலில் நல்ல தந்தையாகவே தோன்றுகிறார். மகளை மணக்க விரும்பிய பாரிஸ் என்பவனிடம், அவள் இசைவையும் பெறுமாறு கூறுகிறார். பின்னர் அவரே அவளைக் கேளாது மணநாள் குறிக்கிறார். அவள் மறுத்ததும், வீட்டைவிட்டுத் துரத்துவதாகச் சீறுகிறார். தாயும் முகம் திருப்பிக்கொள்ளுகிறாள். செவிலியும் பாரிஸை மணக்குமாறு கூறுகிறாள். எல்லா மதகுகளும் அடைபட்டன! துறவி தந்த மயக்க மருந்தை ஜூலியட் உண்கிறாள். அது மயக்கமே என்பதை அறிவிக்கும் மடல், கொள்ளைநோய்க் கட்டுக்காவலால் ரோமியோவை அடையவில்லை. அவள் இறந்தாள் என எண்ணி அவன் நஞ்சுண்டு மடிகிறான். விழித்தெழுந்த அவளும் உயிர் துறக்கிறாள். இளையோரின் அவசரமும் இதற்கு ஒரு காரணமே. எனினும், ஆறுதலாக அறிவுரை கூறத்தக்க பெற்றோரிடம் அவர்களால் செல்ல முடியவில்லை. இறுதியில் தந்தையர் இருவரும் பகை மறந்து கைகோக்கின்றனர். பொற்சிலை எடுப்பதாகவும் உறுதி கூறுகின்றனர். பொற்சிலையால் மக்களை மீட்க இயலுமோ?

பிளவக்கல்லுக்கு அண்மையில் உள்ள திருவில்லிபுத்தூரின் வரலாறு வேறொரு தந்தையைக் காட்டுகிறது. துளசி வனத்தில் கண்டெடுத்த ஆண்டாளைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார். இறைவனுக்குரிய மாலையை அவள் சூடிப் பார்த்ததை அறிந்து அவர் வருந்தினார். ஆயினும் அவளை வெறுத்து ஒதுக்கவில்லை. மானிடரை மணவேன் என்று அவள் கூறியபோது சினங்கொள்ளவில்லை. யாரை விரும்புகிறாய் என்று வினவினார். அவள் அரங்கனை விரும்பவே, திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார் என்பது மரபு. ஆண்டாளின் இறைக்காதலும் வெரோனா இளையோரின் காதலும் வேறு வேறு. எனினும் தந்தையர் நடந்துகொண்ட முறை ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

பெற்றோர் மக்களின் விருப்பம் அனைத்திற்கும் இசைய வேண்டும் என்பதன்று. மறுக்கும் முன் கேட்க வேண்டும் என்பதே இவை உணர்த்தும் பாடம். மக்களும் மறைக்கும் முன் சொல்லிப் பார்த்தல் வேண்டும்.