மிச்சத்தில் பாதி பள்ளிக்கு

பள்ளியின் மின்கட்டணத்தையும் அறைகளைச் சூடேற்றும் எரிபொருளின் விலையையும் நகர நிர்வாகமே செலுத்திவிடும் நிலையில், சிக்கனத்தால் அங்குப் படிப்பவருக்கோ கற்பிப்பவருக்கோ ஆதாயம் ஏதும் இல்லை என்னும் குறையைக் களைய, 1990களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் ‘ஃபிஃப்டி-ஃபிஃப்டி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முந்தைய ஆண்டுகளின் சராசரிப் பயன்பாட்டை அடிப்படை அளவாகக் கொண்டு, அதற்குக் கீழே மிச்சமாகும் தொகையில் ஒரு பாதியைப் பள்ளியும் மறுபாதியை நகரமும் பெறுவதே இதன் ஏற்பாடு. கடுங்குளிர் ஆண்டில் எரிபொருள் இயல்பாகவே கூடுதலாகச் செலவாகும் என்பதால், வானிலைக்கேற்ப அந்த அடிப்படை அளவைத் திருத்தாவிட்டால், மாணவரின் உழைப்பால் வந்த மிச்சத்தையும் மிதமான பனிக்காலம் தந்த மிச்சத்தையும் பிரித்தறிய இயலாது.

இத்திட்டத்தைப் பின்னர் பார்சிலோனா மாகாண நிர்வாகத்தின் முன்முயற்சி ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்றது. ஆசிரியரும் கட்டடப் பராமரிப்பாளரும் (பல பள்ளிகளில் கொதிகலனின் இயக்கத்தை அறிந்தவர் இவர் ஒருவரே) இடம்பெறும் மாணவர் குழு, வெப்பமானியுடன் அறை அறையாகச் சென்று, அணைத்தபின்னும் மின்சாரம் இழுக்கும் கருவிகளையும், நாள் முழுதும் பாதி திறந்து கிடக்கும் சன்னல்களையும் குறித்துக்கொள்கிறது. அறையின் வெப்பநிலையை 1 பாகை குறைத்தாலே சூடேற்றும் ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு மிஞ்சும் என்பதால், விளக்குகளைவிட வெப்பமே இங்குப் பெரிய களம். ஆனால் நிர்வாகமே கட்டடத்தைப் புதுப்பித்துச் செலவைக் குறைத்துவிட்டால், அந்த மிச்சத்தில் மாணவரின் பங்கைக் கணிப்பது எளிதன்று.