கறுப்புத் திரையில் தமிழ்

பள்ளிப்பட்டு என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்துப் பிள்ளை விரல்விட்டு எண்ணி ஏழு என்று சொல்லிவிடும். லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து, எண்ணிச் சொல்வதற்கென்றே இருக்கும் 'டபிள்யூசி' கட்டளையிடம் அதே பெயரைக் கொடுங்கள். சிறிய 'எம்' சேர்த்துக் கேட்டால் 12 என்கிறது. சிறிய 'சி' சேர்த்துக் கேட்டால் 36 என்கிறது. (பெயரை 'எக்கோ' வழியாக அனுப்பினால் வரிமுடிவுக்கு ஒன்று கூடும், எக்கோவுக்கு 'என்' சேர்த்தால் கூடாது.)

மூன்று விடையும் சரிதான். யூனிகோடு முறையில் 'ள்' என்பது ளகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். 'ளி' என்பது ளகரமும் இகரக் குறியுமாக இரண்டு. அப்படிக் கூட்டினால் 12. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும் என்பதால் 36. இந்த யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்து மேசையில் உட்கார்ந்து வகுத்தார்கள். கோப்புக்குள் சொல் தேடித் தரும் 'கிரெப்' கட்டளையை எழுதியவரும் அதே தாம்சன்தான்.

கிரெப் பிறந்தது 1970களின் தொடக்கத்தில். ஒரு கட்டளையின் விடையை இன்னொரு கட்டளைக்குள் ஊற்றும் 'பைப்' 1973-ல், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸுக்கு வந்தது. யோசனை டக்ளஸ் மெக்கில்ராயுடையது, செய்து முடித்தவர் தாம்சன். அந்த நாளில் அவர்கள் கண்முன் இருந்தது ஆங்கில எழுத்து மட்டும். அரை நூற்றாண்டு கழித்துத் தமிழை உள்ளே செலுத்தும்போது சில இடங்களில் இந்தக் கருவிகள் தடுமாறுகின்றன. எங்கெங்கே என்று தெரிந்துகொண்டால் போதும், தமிழ் உரையைக் கையாள இவற்றைவிட வேகமான கருவி சாதாரண மடிக்கணினியில் வேறு இல்லை என்பேன்.

முதலில், ஏழு என்ற விடையை வரவழைப்போம். கிரெப்புக்குச் சிறிய 'ஓ', பெரிய 'பி' இரண்டையும் சேர்த்து, தேடவேண்டிய வடிவமாகப் பின்சாய்கோடும் பெரிய 'எக்ஸ்' எழுத்தும் கொடுங்கள். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை அது ஓர் எழுத்தாகவே பிரித்து வரிக்கு ஒன்றாக அடுக்கும். அதைப் பைப் வழியாக டபிள்யூசியிடம் தந்து வரிகளை எண்ணச் சொன்னால் ஏழு. வெண்பாவுக்குச் சீர் பிரிப்பவரும் குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவரும் மனப்பாடம் செய்யவேண்டிய கட்டளை இது.

இனி ஊருக்குள் போவோம். பள்ளிப்பட்டும் திருத்தணியும் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. எல்லை மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தமிழும் தெலுங்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வட்டாரம் அது. அங்கே ஒரு வீட்டு மொய்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். நகரி, புத்தூர்ப் பக்கத்து உறவினர் பெயர்கள் தெலுங்கில். திருத்தணி, சோளிங்கர் பக்கத்தார் பெயர்கள் தமிழில். வரிக்கு ஒரு பெயர், ஒரு தொகை.

யூனிகோடு அட்டவணையிலும் இவ்விரு மொழிகள் அண்டை வீட்டார். தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் முடிந்த மறு இடத்திலிருந்து தெலுங்கின் 128 இடங்கள் தொடங்குகின்றன. வேலி தெளிவாக இருப்பதால் பிரிப்பது சுலபம். கிரெப்புக்குப் பெரிய 'பி' சேர்த்து, வடிவமாகப் பின்சாய்கோடு, சிறிய 'பி', நெளிவு அடைப்புக்குள் மொழியின் ஆங்கிலப் பெயர் என்று கொடுத்தால், அந்த எழுத்து உள்ள வரிகள் மட்டும் வந்து நிற்கும். தமிழ் வரிகளை எடுத்து, பைப் போட்டு, அதிலேயே தெலுங்கைத் தேடினால் இரண்டு எழுத்தும் கலந்த வரிகள் கிடைக்கும். பல்லாயிரம் வரியானாலும் கண் இமைக்கும் நேரம்தான். விரிதாள் மென்பொருளில் இதே வேலைக்கு நேரடியான பொத்தான் கிடையாது.

அடுத்தது பலரையும் குழப்பும் சிக்கல். பள்ளிப்பட்டுக்கு அருகே நெசவுக்குப் பேர்பெற்ற பொதட்டூர்பேட்டை இருக்கிறது. அந்தப் பெயரை ஓர் ஊர்ப் பட்டியலில் தேடுகிறீர்கள். கண்ணெதிரே இருக்கிறது, கிரெப் இல்லை என்கிறது. காரணம் முதலெழுத்து. 'பொ' என்பதைப் பகரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறிகளில் எழுதலாம். பகரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறிகளிலும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்ததிலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியதிலும் மூன்று குறி வடிவம் வந்துவிடும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

சந்தேகம் வந்தால் விம் எடிட்டரில் கோப்பைத் திறந்து, அந்த எழுத்தின்மேல் கர்சரை வைத்து 'ஜி', 'ஏ' என்று இரண்டு விசையை அழுத்துங்கள். எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிகளின் எண்களைக் கீழ்வரியில் காட்டிவிடும். தீர்க்கவும் வழி உண்டு. உபுண்டு, டெபியன் கணினிகளில் 'ஐசியு டெவ்டூல்ஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் 'யூகான்வ்' கட்டளை கிடைக்கும். அதில் 'என்எஃப்சி' என்ற மாற்றத்தைக் கேட்டால் எல்லாப் 'பொ'வும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தேடுவதற்கு முன்பும், இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவதற்கு முன்பும் இதைச் செய்யும் பழக்கம் வேண்டும். வாக்காளர் பட்டியல், பயனாளிகள் பட்டியல் என்று மனிதரின் உரிமையோடு தொடர்புடைய இடத்தில் ஒரு பெயர் கண்ணுக்குத் தெரிந்தும் கணினிக்குத் தெரியாமல் போவது சின்ன விஷயமல்ல.

வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளையும் இதேபோல ஓசைப்படாமல் தவறு செய்யக்கூடும். யூனிகோடு வரிசையில் னகரம், தந்நகரத்தை ஒட்டியே நிற்கிறது. அந்த வரிசையிலேயே அடுக்கினால் கனகா முதலிலும் கமலா பிறகும் வருவார்கள். நம் அகராதி முறைப்படி கமலாதான் முன்னால். கட்டளைக்கு முன் தமிழ் லொகேலைக் (மொழி அமைப்பை) குறிப்பிட்டால் மெய்யெழுத்துகள் தம் வரிசைக்குத் திரும்பும். அந்த லொகேல் கணினியில் இல்லையென்றால் சார்ட் எந்த முறையீடும் செய்யாமல் பழைய வரிசையிலேயே கொடுத்துவிடும். ஆகவே 'லொகேல்' கட்டளைக்குச் சிறிய 'ஏ' சேர்த்து, தமிழ் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

1986-ல் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒரு நூலில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் பக்கம் பக்கமாக அழகிய நிரல் ஒன்று எழுதினார். அதை மதிப்பிட்ட மெக்கில்ராய், யூனிக்ஸ் கட்டளைகளைப் பைப்பில் கோத்து ஆறே வரியில் அதே வேலையைச் செய்து காட்டினார். தமிழில் அந்த ஆறு வரி அப்படியே ஓடாது. சொற்களைப் பிரிக்க அவர் பயன்படுத்திய 'டிஆர்' கட்டளை, லினக்ஸில் கிடைக்கும் வடிவத்தில், பைட் பைட்டாகப் பார்ப்பது. மூன்று பைட் தமிழ்க் குறியை நடுவில் வெட்டிவிடும். அதற்குப் பதிலாக, மேலே சொன்ன தமிழ் வடிவத்துடன் ஒரு கூட்டல் குறியும் சிறிய 'ஓ'வும் சேர்த்து கிரெப்பை வைத்தால் தமிழ்ச் சொற்கள் மட்டும் வரிக்கு ஒன்றாக வரும். பிறகு சார்ட், ஒரே சொல் எத்தனை முறை என்று எண்ணித் தரும் 'யூனிக்', மறுபடி சார்ட். உங்கள் பள்ளி ஆண்டு மலரில் எந்தச் சொல் அதிகம் என்று நொடியில் தெரியும்.

விம்மைப் பற்றி இன்னும் சிறிது. 1991-ல் அதை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார், 2023 ஆகஸ்டில் மறையும்வரை அதை வளர்த்தார். பயன்படுத்துவோரிடம் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லி மட்டும் கேட்டவர். தமிழ் எழுதுபவருக்கு விம்மில் வரும் தொல்லை விசைப்பலகை. தமிழ்99 இயங்கும்போது எஸ்கேப் அழுத்தினால் கட்டளைகளும் தமிழாகவே போய் விழும். கணினியின் தமிழ் உள்ளீட்டை அணைத்துவிட்டு, விம்முக்குள்ளேயே இருக்கும் 'கீமேப்' வசதியை அமைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும் தமிழ் வரும், எஸ்கேப் அழுத்தியதும் கட்டளைகள் வழக்கம்போல் வேலை செய்யும். 'டெல்கம்பைன்' அமைப்பைப் போட்டால் 'ளி'யில் இகரக் குறியை மட்டும் அழிக்கலாம். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம்மாறித் தெரியும். கோப்பு கெடவில்லை, திரை வரைவதில்தான் கோளாறு. 'கேட்' போன்ற எடிட்டரில் திறந்தால் சரியாக இருக்கும்.

மாணவர்களுக்கான தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது, பள்ளிப்பட்டு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸையும் வைத்துக் கொடுத்தார்கள். அலமாரியில் தூங்கும் அந்தப் பழைய கணினிக்கும் இந்தக் கட்டளைகளை ஓட்டும் தெம்பு உண்டு. லினக்ஸைத் தமிழிலேயே கற்க 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் அதன் இலவச நூல்களும் இருக்கின்றன.

அந்தக் கணினியிலோ அச்சகத்திலோ யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் கிடந்தால் எடுத்து மாற்றுங்கள். டிஸ்கி முறையில் இருந்தால் லினக்ஸோடு வரும் 'ஐகான்வ்' ஒரே வரியில் முடித்துவிடும். வானவில், பாமினி என்றால் 'ஓப்பன்-தமிழ்' பைத்தான் தொகுப்பில் மாற்றிகள் உள்ளன. மூலக் கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள். முடித்ததும், மேலே தமிழ் வரிகளை எடுத்த கிரெப்புக்குச் சிறிய 'வி' சேர்த்து, தமிழே இல்லாத வரிகளை மட்டும் கேட்டுப் படியுங்கள். கொஞ்சமும் மாறாமல் தப்பிய வரிகள் அங்கே சிக்கும்.